டவுன் பஸ், காலைக் காட்சி, கம்பளிப் பந்து

முதலாம் ஆண்டு சேர்ந்த பெண்கள் நூலக வாசலிலும் மைதானத்திலும் என்னை நிறுத்திக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அக்கா, சேலத்தில் பொழுது போவதற்கு என்ன இருக்கிறது?" ஒன்றுமில்லை என்ற பதிலை எதிர்பார்த்தே கேட்கிறார்கள். கோவையில் படிக்கும் தோழி அனுப்பும் படங்களையும் சென்னையில் வேலை பார்க்கும் அண்ணன் சொல்லும் கதைகளையும் வைத்துக்கொண்டு, தாங்கள் எதையோ இழந்துவிட்டதாக முடிவு செய்துவிடுகிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. மாதம் 1000 ரூபாய் புதுமைப்பெண் உதவித்தொகை, வீட்டில் அவ்வப்போது கொடுக்கும் சில்லறை, இவற்றை வைத்துத்தான் மூன்றாம் ஆண்டு வரை வந்திருக்கிறேன். படம், ஆட்டம், மலை, திருவிழா எதுவும் எனக்குக் குறையவில்லை. ஆனால் பார்க்கிறவரும் கொஞ்சம் உழைக்க வேண்டும். டிக்கெட் வாங்கி உட்கார்ந்துவிட்டால் மீதியைத் திரையோ மைதானமோ பார்த்துக்கொள்ளும் என்று இருந்தால் எந்த ஊரும் சலித்துப்போகும்.

எங்கள் வீடு சிவதாபுரத்தில் இருக்கிறது. கொலுசு வேலை நிறைய நடக்கும் பகுதி. அப்பா பட்டறைக்குப் போகிறார். அம்மா வீட்டிலேயே கூலிக்குக் கண்ணி கோத்துப் பற்றவைக்கிறார். கல்லூரி அஸ்தம்பட்டிப் பக்கம் என்பதால் பழைய பேருந்து நிலையத்தில் இறங்கி வேறு பஸ் ஏற வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அது ஒரு பெண்ணின் அன்றாடத்தை எவ்வளவு மாற்றியிருக்கிறது என்பதை எங்கள் வீட்டிலேயே பார்க்கிறேன். என் பெரியம்மா மகள் கல்லூரிக்குப் போன காலத்தில், போக இவ்வளவு, வர இவ்வளவு என்று எண்ணிக் கொடுத்த காசோடுதான் போய்வந்தாள். நடுவில் எங்கும் இறங்க முடியாது. இறங்கினால் மறுபடி ஏறக் காசு இருக்காது. நானோ குகை என்ற பகுதியில் இறங்கி, அம்மாவின் அம்மாவான அம்மாயியைப் பார்க்கிறேன், சின்னக்கடை வீதியில் அம்மா கேட்ட சாமானை வாங்குகிறேன், அடுத்த பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போகிறேன். இஷ்டப்பட்ட இடத்தில் இறங்கி ஏற முடிந்த பிறகுதான் சேலம் என் ஊர் என்ற எண்ணமே எனக்கு வந்தது.

புதிதாக வருகிறவர்களுக்குப் பஸ் பற்றி இரண்டு வார்த்தை. கட்டணம் இல்லாவிட்டாலும் நடத்துநரிடம் சீட்டை வாங்கி இறங்கும்வரை கையில் வைத்திருங்கள். பரிசோதகர் ஏறினால் அதைத்தான் கேட்பார். உங்கள் வீட்டுப் பக்கம் போகும் கடைசி இரண்டு பஸ்களின் நேரத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். எந்தத் திட்டத்தையும் நான் கடைசிப் பஸ்ஸிலிருந்து பின்னோக்கித்தான் போடுகிறேன்.

படத்துக்கு நான் போவது வார நாளில், காலைக் காட்சிக்கு. முதல் நாள் முதல் காட்சியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். மேளம், பட்டாசு, கட்அவுட்டுக்கு ஆளுயர மாலை எல்லாம் சேர்ந்து அது ஒரு திருவிழா. அந்த மகிழ்ச்சி உண்மையானது. ஆனால் வசனம் காதில் விழாது. ஒரு காட்சி எப்படி அமைந்திருக்கிறது என்று யோசிக்க இடமிருக்காது. சில நாள் பொறுத்தால் கூட்டம் குறையும், நினைத்த இருக்கை கிடைக்கும். ரொம்பவும் பொறுத்தால் படமே அரங்கை விட்டுப் போய்விடும் காலம் இது. ஆகவே வெளியான வெள்ளிக்கிழமைக்கு அடுத்து வரும் செவ்வாயும் புதனும் எனக்குத் தோதான நாட்கள். மாதிரித் தேர்வு முடிந்த மறுநாள், உள்ளூர் விடுமுறை என்று வகுப்பு இல்லாத நாளாகப் பார்த்துக்கொள்கிறேன். பின்வரிசைக்குச் சற்று முன்னால், ஓரத்தில் ஒதுங்காமல் நடுவில் உட்கார்ந்தால் இரண்டு பக்கத்து ஒலியும் சமமாக வரும்.

வீட்டில் அனுமதி கேட்கும்போது படத்தின் பெயரைவிட அது முடியும் நேரத்தைத் தெளிவாகச் சொல்வது நல்லது. "பதினொரு மணிக்குத் தொடங்குகிறது அப்பா. இரண்டு மணிக்குள் முடியும். மூன்று மணிக்குப் பழைய பஸ் நிலையத்தில் இருப்பேன்" என்றால் அவர் மறுத்ததே இல்லை. சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்துகொண்டே இருந்தால் அனுமதி என்பது தகவல் சொல்வதாக மாறிவிடும். எட்டாம் வகுப்பு படிக்கும் தம்பியை அழைத்துப் போகும்போது மட்டும் தணிக்கைச் சான்றிதழையும் பார்க்கிறேன். முன்பு யு/ஏ என்று ஒரே பிரிவாக இருந்ததை 2024ஆம் ஆண்டு விதிகளில் 7 வயது, 13 வயது, 16 வயது என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு இது நல்ல உதவி. சுவரொட்டியின் மூலையிலேயே இருக்கிறது, ஆனால் கவனிப்பவர்கள் குறைவு.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கைப்பேசியைத் தூக்கித் திரையைப் படம்பிடித்து ஸ்டேட்டஸில் போடும் வழக்கம் எங்கள் வயதினரிடம் சாதாரணமாகிவிட்டது. 2023இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டத்தின்படி, அனுமதியில்லாமல் அரங்கில் படத்தைப் பதிவு செய்தால் குறைந்தது 3 மாதச் சிறையும் 3 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நமக்கு முன்னால் ஒரு வெளிச்சக் கட்டம் எழும்பினால் பின்னால் இருக்கும் எல்லோருக்கும் அந்தக் காட்சி கெட்டுப்போகிறது. அவர்களும் காசு கொடுத்து வந்தவர்கள்தான்.

படத்தில் எதைப் பார்ப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அம்மாயி. அவர் சினிமாவைப் பற்றிப் பேசவில்லை. வண்டி வேடிக்கையைப் பற்றிப் பேசினார். ஆடி மாதம் வந்தால் சேலம் முழுக்க மாரியம்மன் பண்டிகை. குகையில் அதன் பெரிய நிகழ்ச்சி வண்டி வேடிக்கை. அலங்கரித்த வண்டிகளில் புராணக் காட்சிகளுக்கு வேடமிட்ட ஆட்கள் ஊர்வலமாக வருவார்கள். சிறுமியாக இருந்தபோது அவர்கள் முகத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாயி என் தாடையைப் பிடித்துக் கீழே இறக்கினார். "மூஞ்சியைப் பார்த்தால் எல்லாம் ஒரே பவுடர்தான் கண்ணு. கையைப் பார், எந்தச் சாமி என்று தெரியும்." பார்த்தேன். சங்கும் சக்கரமும் இருந்தால் பெருமாள், வேல் இருந்தால் முருகன், வில் இருந்தால் ராமன் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது. "வில் ஒடிந்திருக்கிறதே, ஏன்?" என்று அடுத்த கேள்வி கேட்டார். சீதையின் சுயம்வரம் என்று அப்போதுதான் பிடிபட்டது. யார் என்பது மட்டுமல்லாமல், கதையில் எந்த இடம் என்பதும் கையில் இருந்தது.

அந்தப் பழக்கம் இன்றுவரை என்னோடு வருகிறது. நெருக்கமான காட்சியில் முகத்தை வைத்துச் சமாளித்துவிடும் நடிகர், தூரக் காட்சியில் கையை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பார். நல்ல நடிகருக்குக் கை முதலில் முடிவெடுக்கும், முகம் அதைத் தொடரும். அடுப்படிக் காட்சிகளை விட்டுவிடாமல் பாருங்கள்: கரண்டியைப் பிடித்திருக்கும் விதத்திலேயே அந்தப் பெண் தினமும் சமைக்கிறவளா, படப்பிடிப்புக்காக அடுப்பின் முன்னால் நிற்கிறவளா என்று தெரிந்துவிடும். எங்கள் அம்மாவுக்கு இதில் என்னைவிடக் கூர்மை அதிகம். ஒரு படத்தில் பட்டறைக் காட்சி வந்தபோது, "இப்படித் தீயைக் காட்டினால் வெள்ளி உருகி ஓடிவிடும்" என்று உடனே சொன்னார். அந்த ஒரு வரியில், அந்தக் காட்சியை எடுத்தவர்கள் எந்தப் பட்டறையிலும் ஒரு நாள்கூட உட்கார்ந்து பார்க்கவில்லை என்பது எனக்கு விளங்கியது. வேலை செய்கிறவர்களோடு படம் பாருங்கள். விமர்சனங்களில் கிடைக்காதது அவர்களிடம் கிடைக்கும்.

பிடித்த படத்தை முடிந்தால் இரண்டாம் முறையும் பார்க்கிறேன். முதல் முறை கதை நம்மை இழுத்துக்கொண்டு ஓடிவிடும். இரண்டாம் முறை என்ன நடக்கப்போகிறது என்று தெரியும், ஆகவே எப்படி நடக்க வைத்தார்கள் என்று பார்க்கலாம். ஒரு காட்சியில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஒலியைக் கேளுங்கள். பின்னணி இசை எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் அந்த மௌனத்துக்கு அடுத்த வசனம்தான் படத்தின் முக்கியமான வசனம். இடைவேளை எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பதையும் பாருங்கள். நம் படங்கள் இடைவேளையை வைத்தே எழுதப்படுகின்றன. கதை அங்கே திரும்பவில்லை என்றால் இரண்டாம் பாதி தடுமாறப்போகிறது என்று பாப்கார்ன் வரிசையிலேயே சொல்லிவிடலாம்.

மாலைப் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் ஒரு நோட்டில் சில வரிகள் எழுதுவேன். யாருக்கு என்ன வேண்டியிருந்தது, எது குறுக்கே நின்றது, எந்தக் கை நினைவில் நின்றது என்ற மூன்றும் போதும். நட்சத்திர மதிப்பெண் போடுவதில்லை. எழுதி முடித்த பிறகுதான் தோழிகளோடு பேச்சு. கல்லூரிக்கு அருகே தட்டுவடை செட் கடையில் நின்றுகொண்டே விவாதம் நடக்கும். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் வெங்காயமும், மேலே சிவப்புச் சட்னியும் பச்சைச் சட்னியும். அதை ஒரே வாயில் போட வேண்டியிருப்பதால் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கட்டாயம் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நல்ல விவாதத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

சேலத்தில் படிக்கிறவர்கள் ஒருமுறையாவது ஏற்காடு சாலையில் இறங்கி மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்க்க வேண்டும். பஸ்ஸில் போகும்போது சன்னலுக்கு வெளியே கடந்துவிடும் ஒரு நுழைவாயில்தான். ஆனால் அதற்குள்தான் திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில் படித்துவிட்டு வந்த டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய படப்பிடிப்பு நிலையம் இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அந்த நிறுவனத்திலிருந்து வந்தன. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938இல் இந்தச் சேலத்து நிறுவனம் தயாரித்ததுதான். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் இங்கிருந்துதான் வெளிவந்தது. ஒரு தொழிற்சாலைக்குரிய நேர ஒழுங்கோடு சுந்தரம் படப்பிடிப்பை நடத்தினார் என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் பலரும் பதிவு செய்திருக்கிறார்கள். சினிமா என்றால் சென்னைதான் என்று எண்ணுகிற முதலாம் ஆண்டுப் பெண்களிடம் இதைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் வருகிற வியப்பு எனக்குப் பிடிக்கும். இது அவர்களுக்கும் சேர வேண்டிய சொத்து. பாடப்புத்தகத்தில் யாரும் சொல்லாததால் கை நழுவிப் போய்க்கொண்டிருக்கிறது.

அதே சாலையில் மேலே போனால் ஏற்காடு. சேலத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தூரம், 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது; ஏற்காடு 1500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி வெப்பம் குறையும் என்பதால், கீழே வியர்த்துக்கொண்டு ஏறியவர்கள் மேலே இறங்கும்போது துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள். வார நாளில் போங்கள். சனி, ஞாயிறுகளிலும் மே மாதக் கோடை விழா நாட்களிலும் வளைவுகளில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். மலையைப் பார்ப்பதற்குப் பதிலாக முன்னால் நிற்கும் காரின் நம்பர் பலகையைத்தான் பார்க்க முடியும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள், வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள். இரண்டு இட்லி போதும். முன் இருக்கையில் உட்கார்ந்து, கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, பஸ் திரும்பப்போகும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தால் குமட்டல் குறையும். இருசக்கர வாகனத்தில் போகும் தோழர்களுக்கு அப்பா சொல்வது ஒன்றுதான்: ஏறும்போது எந்தக் கியர் தேவைப்படுகிறதோ அதே கியரில் இறங்க வேண்டும், எஞ்சினை அணைத்துவிட்டு உருளக் கூடாது. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். ஏறி வரும் வண்டிக்கு வழிவிட்டு நிற்க வேண்டியது இறங்குகிறவர்.

ஏரியில் படகு, பகோடா பாயிண்ட், லேடீஸ் சீட் எல்லாம் எல்லோரும் பார்ப்பதுதான். நான் விரும்புவது காப்பித் தோட்டங்களுக்கு நடுவே போகும் சிறு சாலைகளில் நடப்பதை. உயர்ந்த சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறும் மிளகுக் கொடி, அடியில் நிழலில் காப்பிச் செடி என்று மூன்று அடுக்கு. கோடை மழை ஒன்று விழுந்த பின் மார்ச், ஏப்ரலில் காப்பி பூக்கும். மல்லிகையைப் போன்ற அந்த மணம் சில நாட்கள்தான் இருக்கும். அந்த வாரத்தில் போக வாய்த்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அங்கேயே நடந்துவிட்டு வாருங்கள்.

விளையாட்டுக்கு வருகிறேன். இதில் எனக்கு ஈடுபாடு அதிகம்.

2021 ஜனவரி 19ஆம் தேதி எங்களுக்கு மறக்காத நாள். கொரோனாவால் மூடியிருந்த பள்ளிகள் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்காக அன்றுதான் திறந்தன. நான் பத்தாம் வகுப்பு. அதே நாளில் பிரிஸ்பேனில் இந்திய அணி 328 ரன்களைத் துரத்தி 3 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. அந்த அணியில் எங்கள் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராஜன் இருந்தார். நெசவுத் தொழிலாளியின் மகன், டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகியவர். வலைப்பயிற்சிக்குப் பந்துவீச ஆஸ்திரேலியாவுக்குப் போனவர், ஒரே சுற்றுப்பயணத்தில் ஒருநாள், இருபது ஓவர், டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். அந்த டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் அவருக்கு 3 விக்கெட். முகக்கவசத்தோடு இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்த வகுப்பில் உடற்கல்வி ஆசிரியர் வந்து வெற்றியைச் சொன்னபோது எழுந்த சத்தம், மாதக்கணக்கில் வீட்டுக்குள் அடைந்திருந்த பிள்ளைகள் எல்லோருடைய சத்தமும் சேர்ந்தது.

நடராஜனின் யார்க்கரைப் புரிந்துகொள்ள விரும்பினால் தொலைக்காட்சியில் பந்தைத் துரத்தாதீர்கள். மட்டையாளர் நிற்கும் கோடு ஸ்டம்ப்பிலிருந்து 1.22 மீட்டர் முன்னால் இருக்கிறது. அந்தக் கோட்டருகே, காலடியில் பந்து விழ வேண்டும். கொஞ்சம் முன்னதாக விழுந்தால் அடிப்பதற்கு வசதியான பந்தாகிவிடும். கொஞ்சம் தாண்டினால் தரையில் படாமலே மட்டைக்கு வந்து சேரும். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு ஷூ அளவு இடம்தான். வேகப்பந்து கையிலிருந்து மட்டைக்கு வரும் நேரம் ஏறக்குறைய அரை நொடி. ஆகவே மட்டையாளர் பந்து வந்த பிறகு முடிவெடுப்பதில்லை. பந்தை விடும் கையைப் பார்த்தே முடிவெடுக்கிறார். அம்மாயி சொன்னது இங்கும் பொருந்துவதைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எழுத்தில் சொல்வது கடினம்.

சேலத்திலிருந்து கிழக்கே வாழப்பாடியில் இருக்கும் கிரிக்கெட் மைதானத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. மலைகள் சூழ்ந்த அழகான இடம். போகிறவர்கள் முடிந்தவரை பந்துவீச்சாளருக்கு நேர் பின்னால் உட்காருங்கள். பக்கவாட்டில் இருந்தால் வேகம் மட்டும்தான் தெரியும். நேர் பின்னால் இருந்தால் பந்து எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரியும். பெண்கள் சேர்ந்து போவதென்றால் பகல் ஆட்டமாகத் தேர்ந்தெடுத்தால் திரும்பும் பஸ் கவலை இருக்காது. ஓவருக்கு ஓவர் கைப்பேசியில் ஸ்கோர் பார்க்காமல், களத்தடுப்பாளர்களை எங்கே நகர்த்துகிறார்கள் என்று பாருங்கள். அடுத்த பந்து எங்கே வரும் என்று ஊகிக்கத் தொடங்கிவிட்டால் நீங்களும் ஆட்டத்துக்குள் வந்துவிட்டீர்கள்.

இன்னொருவர் உயரம் தாண்டும் வீரர் மாரியப்பன் தங்கவேலு. பெரியவடகம்பட்டிக்காரர். ஐந்து வயதில் பஸ் மோதி ஏறியதில் வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. அம்மா காய்கறி விற்று வளர்த்தார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். 2021இல் நடந்த டோக்கியோ போட்டியில் 1.86 மீட்டர், வெள்ளி. 2024 பாரிஸில் 1.85 மீட்டர், வெண்கலம். தங்கம் வெள்ளியாகி, வெள்ளி வெண்கலமானதாகச் செய்திகளைப் படிக்கிறவர்களுக்குத் தோன்றும். அளவைப் பாருங்கள்: எட்டு ஆண்டுகளில் அவருடைய உயரம் குறைந்தது 4 சென்டிமீட்டர் மட்டுமே. பதக்கத்தின் நிறம் மாறியபோதும் அவர் விடாமல் அங்கேயே நின்றார். தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வென்ற முதல் இந்தியர் அவர். 1.89 மீட்டர் என்றால் எவ்வளவு என்று எனக்குப் பிடிபடவில்லை. அம்மாவின் தையல் டேப்பை எடுத்து வீட்டுச் சுவரில் அளந்து பென்சிலால் ஒரு கோடு போட்டேன். அப்பா அருகே வந்து நின்றார். கோடு அவர் தலைக்கு மேலே இருந்தது. வெகுநேரம் இருவரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். விளையாட்டுச் செய்தியில் வரும் எண்களை இப்படி ஒருமுறை சுவரிலோ தரையிலோ அளந்து பாருங்கள். அதன் பிறகு அந்த எண் வெறும் எண்ணாக இருக்காது.

நான் ஆடுவது பூப்பந்து. இறகுப்பந்து வேறு, இது வேறு. பக்கத்துக்கு ஐந்து பேர். மஞ்சள் நிறக் கம்பளிப் பந்து. எடை 30 கிராமுக்குள்தான் இருக்கும். 24 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் உள்ள ஆடுகளம். வாலிபாலில் உள்ளதுபோல் தூக்கிக்கொடுத்து அடிக்க முடியாது. ஒரு பக்கத்துக்கு ஒரே அடி, அதிலேயே பந்து வலையைத் தாண்ட வேண்டும். செட்டுக்கு 35 புள்ளி. தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த ஆட்டம். செலவு குறைவு. தொலைக்காட்சியில் வராததால் யாருக்கும் தெரியாமல் இருக்கிறது. ஆனால் நம் கல்லூரிகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

இதை ஆட விரும்புகிறவர் முதலில் கற்க வேண்டியது வானிலையை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். 30 கிராம் பந்து எம்மாத்திரம்? ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலை எட்டு மணிக்குள் பயிற்சியை முடித்துக்கொள்வது நல்லது. அதற்குப் பிறகு காற்று எழும்பி, எல்லைக்குள் விழ வேண்டிய பந்தை வெளியே கொண்டுபோய்விடும். மார்கழியில் இதற்கு நேர்மாறு. அதிகாலையில் தரையில் பனி இருக்கும். கம்பளி ஈரத்தை உறிஞ்சிக் கனத்துவிடும், மட்டை நரம்பும் தொய்ந்துவிடும். வெயில் ஏறிய பிறகு தொடங்குங்கள். எதிரில் இருப்பவர் அடிக்கும் முன் மணிக்கட்டைப் பாருங்கள். கண்ணால் இடப்பக்கம் காட்டிவிட்டு வலப்பக்கம் அடிக்கிறவர்கள் உண்டு. மணிக்கட்டு அப்படி ஏமாற்றுவது அரிது.

உணவு பற்றி ஒரு சொல். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஆட வரும் பெண்கள் எங்கள் அணியில் பலர். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பார்கள். ராகிக் கூழ் ஒரு டம்ளர் நின்றபடியே குடித்துவிடலாம். பையில் ஒரு பிடி வேர்க்கடலையும் ஒரு வாழைப்பழமும் போட்டுக்கொள்ளலாம். மாதவிடாய் நாட்களில் வலி இருந்தால் அணித்தலைவியிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். எங்கள் அணியில் அப்படிச் சொன்னவர்களுக்கு ஓடும் பயிற்சியைக் குறைத்து, சர்வீஸ் பயிற்சி மட்டும் கொடுப்போம். யாரும் இதற்காக ஆட்டத்தை விட்டுவிடக் கூடாது என்பதில் நாங்கள் எல்லோரும் பிடிவாதமாக இருக்கிறோம்.

பெண்கள் மைதானத்தில் இடம் பெறுவது எளிதல்ல. எங்கள் கல்லூரியிலும் மாலை நேரத்தில் மைதானம் முழுவதும் ஆண்களின் கிரிக்கெட்டாகவே இருந்தது. வாய்மொழியாகப் பலமுறை கேட்டோம், பார்க்கலாம் என்ற பதில்தான் வந்தது. பிறகு கடிதமாக எழுதினோம். எங்களுக்கு வேண்டியது முழு மைதானம் அல்ல, 24க்கு 12 மீட்டர் இடமும் அதைச் சுற்றிச் சில அடிகளும்தான் என்று அளந்து எழுதினோம். எந்த மூலை, வாரத்தில் எந்த நாட்கள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, யார் யார் வருவார்கள் என்று எல்லாவற்றையும் குறிப்பிட்டு, சிறு வரைபடமும் சேர்த்து உடற்கல்வி இயக்குநரிடம் கொடுத்தோம். கிரிக்கெட் ஆடும் தோழர்களிடமும் முன்கூட்டியே பேசி, அவர்களில் சிலரிடமும் கையெழுத்து வாங்கினோம். கிழக்கு மூலை எங்களுக்குக் கிடைத்தது. எவ்வளவு இடம், எந்த நேரம் என்று தெளிவாக இருக்கும் கோரிக்கையை மறுப்பவர்கள்தான் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்த கடிதம் விளக்குக்காக. கார்த்திகை, மார்கழி மாதங்களில் ஆறு மணிக்கே இருட்டிவிடுகிறது. மாலைப் பயிற்சி பாதியில் நின்றுபோகிறது. ஆடுகளத்தின் இரண்டு ஓரத்திலும் கம்பம் வைத்தால் எவ்வளவு உயரம் வேண்டும், வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று இயற்பியல் துறைத் தோழி ஒருத்தி கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். மின்செலவு எவ்வளவு ஆகும் என்பதையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் காலை ஏழு மணிக்குக் கிழக்கு மூலைக்கு வரலாம். மட்டை இல்லாவிட்டாலும் வாருங்கள். என்னிடம் கூடுதலாக ஒன்று இருக்கிறது, நரம்பு மாற்றக் கொடுத்திருக்கிறேன், திங்கட்கிழமை கைக்கு வந்துவிடும்.